பத்து நாள் சாப்பாடு, பல ஆண்டுச் சிறை: வியட்நாமிய அகதித் தாய்மார் சுமந்தது என்ன?

வியட்நாம் போர் முடிந்து 2025 ஏப்ரல் 30 அன்று 50 ஆண்டுகள் நிறைந்தன. தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வடக்கின் கம்யூனிஸ்ட் படையிடம் வீழ்ந்த அன்று 30 வயதில் கைக்குழந்தையோடு நின்ற பெண்ணுக்கு 2025-இல் 80 வயது. அந்தத் தலைமுறைத் தாய்மார் ஒவ்வொருவராக மறைந்துவருகிறார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, கனடா, பிரான்ஸ் என்று சிதறிக் கிடக்கும் பிள்ளைகள் எழுதும் அஞ்சலிக் குறிப்புகளில் சில சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன: 'பத்து நாள் சாப்பாடு', 'தம் நுவோய்', 'பிடோங்', 'எச்.ஓ.', 'ஹுயி'. வெளியாருக்கு இவை எதுவும் புரிவதில்லை. 'தியாகத் தாய்' என்ற ஒற்றைச் சித்திரம்தான் மனதில் தங்குகிறது.

தியாகம் உண்மைதான். ஆனால், அந்தச் சொல் அவர்கள் செய்த வேலையை மூடிவிடுகிறது. சிறைக்குக் கெடாத உணவு சமைத்தது, தங்கத்தை எண்ணிப் பங்கிட்டது, இரண்டு அரசுகளின் விண்ணப்பங்களை ஆண்டுக்கணக்கில் துரத்தியது, அந்நிய ஊரில் சீட்டுப் பிடித்துக் கடை போட்டது எல்லாமே திறமை வேண்டிய வேலைகள். அந்த வேலைகளை வரிசையாகப் பார்த்தால்தான் அஞ்சலியில் உள்ள சொற்களுக்குப் பொருள் விளங்கும்.

1975 ஜூன்: 'பத்து நாள்' என்ற சொல்லின் கதை

தென் வியட்நாம் ராணுவத்திலும் அரசிலும் இருந்தவர்கள் 'ஹொக் தாப் காய் தாவ்', அதாவது மறுகல்வி, பெறுவதற்கு வந்து சேர வேண்டும் என்று புதிய ஆட்சி 1975 ஜூனில் அறிவித்தது. கீழ்நிலை அதிகாரிகள் 10 நாளுக்கும், மேல்நிலை அதிகாரிகள் 30 நாளுக்கும் சாப்பாட்டுச் செலவும் உடையும் கொண்டுவர வேண்டும் என்றது அறிவிப்பு. பத்து நாளில் வீடு திரும்பலாம் என்று நம்பிப் பை கட்டிக் கொடுத்தவர்கள் மனைவிமார். வழக்கும் இல்லை, தீர்ப்பும் இல்லை, விடுதலைத் தேதியும் இல்லை. பலர் 3 முதல் 10 ஆண்டுகள் சிறை முகாம்களுக்குள் இருந்தார்கள். சிலர் 17 ஆண்டுகள் வரை.

குடும்பத்தில் சம்பாதித்தவர் போனார். அடுத்த அடிகளும் வேகமாக விழுந்தன.

1. பணம் செல்லாமல் போனது. 1975 செப்டம்பர் 22 அன்று பழைய 500 தோங்குக்குப் புதிய 1 தோங் என்று மாற்றினார்கள். ஒரு குடும்பம் மாற்றக்கூடிய தொகைக்கு உச்சவரம்பும் வைத்தார்கள். 1978 மே மாதம் இன்னொரு முறை நோட்டு மாற்றினார்கள். இதற்குப் பிறகு மக்கள் நம்பியது தங்கத்தை மட்டும்தான்.

2. ஹோ கவ் என்ற குடும்பப் பதிவேடு. நம் ரேஷன் அட்டையும் இருப்பிடச் சான்றும் ஒன்றாகச் சேர்ந்தது போல. இதில் பெயர் இல்லாவிட்டால் அரிசிப் பங்கீடும் கிடையாது, சட்டப்படி அந்த ஊரில் தங்கவும் முடியாது. கைதிகளின் குடும்பங்கள் நகரத்தை விட்டுக் காட்டையும் தரிசையும் திருத்தும் 'புதிய பொருளாதார மண்டலங்களுக்கு'ப் போகும்படி நெருக்கப்பட்டபோது, இந்தப் பதிவைப் பறிப்போம் என்பதே பெரிய மிரட்டல்.

3. லீ லிக் என்ற வாழ்க்கைக் குறிப்புத் தாள். தந்தையும் பாட்டனும் என்ன செய்தார்கள் என்பது இதில் இருக்கும். தந்தை 'பொம்மை அரசின்' (பழைய தென் வியட்நாம் அரசைப் புதிய ஆட்சி அழைத்த பெயர்) அதிகாரி என்று இருந்தால் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் எட்டாக்கனி. கம்போடியப் போருக்கு ஆள் சேர்ப்பு மட்டும் தவறாமல் வரும்.

நாட்டை விட்டு ஓடியது பசியால்தானா என்று கேட்பவர்கள் மூன்றாவது காரணத்தைக் கவனிக்க வேண்டும். பசியை அந்தத் தாய்மார் சமாளித்தார்கள். மகனுக்கு 18 வயது நெருங்குவதைத்தான் அவர்களால் சமாளிக்க முடியவில்லை.

தம் நுவோய்: போய்ப் பார்த்து ஊட்டிவிட்டு வருவது

வியட்நாமிய மொழியில் 'தம்' என்றால் போய்ப் பார்த்தல். 'நுவோய்' என்றால் ஊட்டி வளர்த்தல். குழந்தை வளர்ப்புக்குச் சொல்லும் அதே சொல்லைச் சிறைக்கைதியான கணவனுக்கும் சொன்னார்கள். முகாமில் கிடைத்தது மரவள்ளிக் கிழங்கு, சோளம், உப்புநீர், கொஞ்சம் சோறு. வெளியிலிருந்து உணவு வரும் கைதி பிழைப்பார், வராதவர் மெலிந்து சாவார் என்பது முகாமில் இருந்த எல்லோரும் அறிந்த கணக்கு.

என்ன கொண்டுபோவது என்பதற்குத் தெளிவான முறை இருந்தது. எடை குறைவாக, கொழுப்பும் உப்பும் கூடுதலாக, குளிர்பதனப் பெட்டி இல்லாமல் மாதக்கணக்கில் கெடாததாக இருக்க வேண்டும்.

1. இறைச்சித் துருவல். கொழுப்பில்லாத பன்றி இறைச்சியை மீன்சாறு ஊற்றி வற்ற வேகவைத்து, உரலில் இடித்து, நார்நாராகப் பிரித்து, பஞ்சு போல உதிரும்வரை சிறுதீயில் வறுப்பார்கள். ஈரம் மிச்சம் இருந்தால் ஒரு வாரத்தில் பூஞ்சணம் பூத்துவிடும். அவசரத்தில் பெருந்தீயில் வறுத்தால் வெளியே கருகும், உள்ளே ஈரம் நிற்கும். பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்.

2. எலுமிச்சைப்புல் விழுது. பொடியாக அரிந்த எலுமிச்சைப்புல், மிளகாய், இறால் விழுது, பன்றிக் கொழுப்பு எல்லாவற்றையும் எண்ணெய் பிரியும்வரை வதக்கி டப்பாவில் அடைப்பார்கள். மேலே நிற்கும் கொழுப்பே காற்றுப் புகாமல் காக்கும். ஒரு கரண்டியில் மூன்று வேளைக் கஞ்சி இறங்கும் அளவுக்கு உப்பு.

3. உலர்சோறு, கட்டிச் சர்க்கரை, கருவாடு, உலர்ந்த இறால். உலர்சோறு என்பது வடித்த சோற்றை வெயிலில் காயவைத்தது. வெந்நீர் ஊற்றினால் போதும், அடுப்பு வேண்டாம்.

4. மருந்து. மலேரியாவுக்கான மாத்திரை, பெரிபெரி வராமல் இருக்க வைட்டமின் பி1, வயிற்றுப்போக்கு மாத்திரை. கூடவே சிங்கப்பூரில் தயாரான பச்சைத் தைலம். நம் வீடுகளில் கோடாலித் தைலத்துக்கு இருந்த மதிப்பு அங்கே இதற்கு இருந்தது. தலைவலிக்குத் தடவலாம், கள்ளச்சந்தையில் விற்று அரிசியும் வாங்கலாம்.

1976 முதல் அதிகாரிகளில் பலரை வடக்கே, சீன எல்லையை ஒட்டிய மலைகளுக்கு மாற்றினார்கள். அதன்பின் தெற்கிலிருந்த மனைவிக்கு ஒரு சந்திப்பு என்பது சைகோனிலிருந்து ஹனோய் வரை 1,726 கிலோமீட்டர் ரயில். ஆரம்ப ஆண்டுகளில் அதற்கே மூன்று நாட்களுக்கு மேல் ஆனது. பிறகு பேருந்து, படகுத்துறை, தோளில் மூங்கில் காவுதடி போட்டு மலைப்பாதை நடை. புறப்படும் முன் ஊர்க் காவலரிடம் பயண அனுமதி வாங்க வேண்டும். கையில் இருக்கும் தாளில் ஒரு முத்திரை குறைந்தாலும் முகாம் வாசலிலிருந்து திரும்ப வேண்டியதுதான். இவ்வளவுக்கும் பிறகு கிடைத்தது, பல முகாம்களில், காவலர் பக்கத்தில் உட்கார்ந்திருக்க 15 நிமிடம் அல்லது அரைமணி நேரம். அழுதால் சந்திப்பு அங்கேயே முடிந்துவிடலாம் என்பதால், வீட்டு நிலவரத்தை நல்லவிதமாக மட்டும் சொல்லிப் பழகியிருந்தார்கள். பிற்காலத்தில் அந்தத் தாய்மார் பிள்ளைகளிடம் பழைய கதை பேசாமலே இருந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்று கருத இடமிருக்கிறது.

படகு: யாரை அனுப்புவது, எப்போது, எதைக் கொடுத்து

1975 முதல் 1995 வரை கடல் வழியாகத் தப்பி அண்டை நாடுகளில் கரை சேர்ந்த வியட்நாமியர் சுமார் 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கணக்கு. கரை சேராதவர்களுக்கு யாரிடமும் பதிவேடு இல்லை.

தங்கத்தின் அளவு 'தாயல்'. ஒரு தாயல் 37.5 கிராம், நம் கணக்கில் ஏறக்குறைய ஐந்து பவுன். ஒரு இருக்கைக்குச் சில தாயல்கள் கேட்டார்கள். 1978, 1979 ஆண்டுகளில் சீன வம்சாவளியினரை அதிகாரிகளே தங்கம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். அதற்கு விலை இன்னும் கூடுதல். ஐந்து பிள்ளைகள் உள்ள தாயிடம் ஏழு பேருக்கான தங்கம் ஒருபோதும் இருக்காது. ஆகவே முதல் முடிவு, யாரை முதலில் அனுப்புவது என்பது. பெரும்பாலும் மூத்த மகன் போனான். ஆள் சேர்ப்பிலிருந்து தப்புவான், போன இடத்திலிருந்து மற்றவர்களை அழைப்பான். 13, 14 வயதுப் பையன்கள் தனியே அகதி முகாமில் வந்து நின்றதைப் பார்த்த வெளிநாட்டினர் 'எப்படித்தான் மனம் வந்ததோ' என்றார்கள். மனம் வரவில்லை, கணக்கு அப்படி இருந்தது.

காலத்தைத் தேர்வதற்குப் பழமொழியே இருக்கிறது: 'மூன்றாம் மாதம் கிழவிகூடக் கடலுக்குப் போவாள்.' சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம், அதாவது ஏப்ரலை ஒட்டிய நாட்களில், தென் சீனக் கடல் அமைதியாக இருக்கும். அதனால் ரோந்தும் அப்போதுதான் அதிகம். ராக் யா, கா மாவ், மீ தோ, வுங் தாவ், ஞா ட்ராங் ஆகியவை புறப்பட்ட இடங்களில் சில. (இதே வுங் தாவ் துறைமுகத்துக்குத்தான் 2022 நவம்பரில், நடுக்கடலில் தத்தளித்த கப்பலிலிருந்து ஜப்பானியக் கப்பல் ஒன்று மீட்ட 303 இலங்கையர்கள் கொண்டுவரப்பட்டார்கள். தமிழ் வாசகர்களுக்கு அந்தப் பெயர் அறிமுகமானது அப்படித்தான்.)

பெரிய படகு ஆற்றின் வாயில் காத்திருக்கும். சின்னப் படகுகள் ஆட்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இந்த இடைவெளியில் ஒரு குழந்தை அழுதால் எல்லோரும் பிடிபடுவார்கள். ஆகவே கைக்குழந்தைகளுக்குத் தூக்க மருந்து கொடுத்தார்கள். எடைக்கு எவ்வளவு என்று சொல்ல அங்கே மருத்துவர் இல்லை. அளவு குறைந்தால் காவல் சோதனைச் சாவடியிலேயே குழந்தை விழித்துக்கொள்ளும். கூடினால் கடலில் விழிக்கவே விழிக்காது. இரண்டும் நடந்தன. எத்தனையோ தாய்மார் கடைசிவரை வாய்திறக்காத விஷயம் இது. அஞ்சலி எழுதுகிறவர்கள் இங்கே துருவிக் கேட்காமல் விடுவது நல்லது.

தாய்லாந்து வளைகுடாவில் கொள்ளையர். 1981-ஆம் ஆண்டில் மட்டும் தாய்லாந்தில் கரைசேர்ந்த 452 படகுகளில் 349 தாக்கப்பட்டன, சராசரியாக ஒவ்வொன்றும் மூன்று முறை. 578 பெண்கள் பாலியல் வன்முறைக்கு உள்ளானார்கள், 228 பெண்கள் கடத்தப்பட்டார்கள், 881 பேர் இறந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். இவை அகதிகள் ஆணையம் பதிவு செய்தவை. பெண்பிள்ளைகளின் தலைமுடியை ஒட்ட வெட்டியதும், முகத்தில் கரியும் எஞ்சின் எண்ணெயும் பூசியதும் இதற்காகத்தான்.

தீவு

மலேசியாவின் திரெங்கானு கரைக்கு அப்பால் உள்ள புலாவ் பிடோங் தீவு 1978 ஆகஸ்டில் முகாமானது. சுமார் ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1979 ஜூன் வாக்கில் 40,000 பேர் இருந்தார்கள். 1979 ஜூலை ஜெனீவா மாநாட்டில் பல நாடுகள் சேர்ந்து 2,60,000 பேரை ஏற்பதாக உறுதி கூறிய பிறகுதான் நெரிசல் தளர்ந்தது. இந்தோனேசியாவின் காலாங், தாய்லாந்தின் சொங்க்லா, ஹாங்காங் முகாம்கள் ஆகியவையும் அஞ்சலிகளில் வரும். தேதி மிக முக்கியம்: பெரும்பாலான நாடுகளில் 1989 மார்ச் 14-க்கும், ஹாங்காங்கில் 1988 ஜூன் 16-க்கும் பிறகு வந்தவர்களைத் தாமாகவே அகதி என்று ஏற்கவில்லை. ஒவ்வொருவரையும் விசாரித்தார்கள்; தேறாதவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். ஒரே தாயின் இரண்டு மகன்களில் பிப்ரவரியில் கரையேறியவன் அமெரிக்கனாகவும், ஏப்ரலில் ஏறியவன் மறுபடியும் கா மாவ் வாசியாகவும் ஆனதற்கு இந்தக் கோடுதான் காரணம்.

காகிதப் போர்: ஓ.டி.பி., எச்.ஓ.

படகில் ஏறாமல் விமானத்தில் வெளியேற ஒரு வழி 1979 மே 30 அன்று திறந்தது. வியட்நாம் அரசும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் செய்த ஒப்பந்தம் அது. பெயர் 'ஒழுங்கான வெளியேற்றத் திட்டம்', சுருக்கமாக ஓ.டி.பி. காலப்போக்கில் 6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்த வழியில் வெளியேறினார்கள். வெளியே போன மூத்த மகனுக்கு இப்போதுதான் வேலை வந்தது.

அமெரிக்கா செல்வதற்கான படிகள் ஏறக்குறைய இப்படி:

1. வெளிநாட்டில் உள்ள உறவினர் உறவுமுறைப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும்.
2. பாங்காக்கில் இருந்த அமெரிக்க அலுவலகம் ஆவணங்களைப் பார்த்து அறிமுகக் கடிதம் அனுப்பும்.
3. தாய் அதைக் கொண்டு வியட்நாமின் வெளியேறும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஹோ கவ் நகல், பிறப்புச் சான்று, திருமணச் சான்று, புகைப்படங்கள் அனைத்தும் தேவை.
4. இரு அரசுகளின் பட்டியலிலும் பெயர் இருந்தால்தான் நேர்காணல்.
5. மருத்துவப் பரிசோதனை. மார்பு எக்ஸ்ரேயில் காசநோய்த் தடம் தெரிந்தால் சிகிச்சை முடியும்வரை குடும்பம் முழுவதும் காத்திருக்கும்.

நான்காவது படியில்தான் ஆண்டுகள் கரைந்தன. அமெரிக்கா கேட்டவர்களை வியட்நாம் விடாது. வியட்நாம் விட்டவர்களை அமெரிக்கா கேட்டிருக்காது. 1986 ஜனவரியில் வியட்நாம் நேர்காணலையே நிறுத்தியது. மறுபடி தொடங்க ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது. மூன்றாவது படியிலும் சிக்கல் உண்டு. 1975-இல் பயந்துபோய்த் திருமணச் சான்றையும் ராணுவப் புகைப்படத்தையும் எரித்தவர்கள் ஏராளம். எரித்த தாளுக்குப் பதில் தாள் உண்டாக்குவது, அக்கம்பக்கத்துச் சாட்சி பிடிப்பது, ஒரு எழுத்து மாறிய பெயரைத் திருத்துவது எல்லாம் வீட்டிலிருந்த பெண்ணின் தலையில் விழுந்தது.

சிறையில் இருந்தவர்களுக்கும் வெளியே வந்தவர்களுக்கும் தனிவழி கேட்டுப் போராடியதும் ஒரு கைதியின் மனைவிதான். கூக் மின் தோ என்பவர் 1977-இல் அமெரிக்கா வந்து, வாஷிங்டனை ஒட்டிய வர்ஜீனியாவில் தம்மைப் போன்ற பெண்களைச் சேர்த்து 'வியட்நாமிய அரசியல் கைதிகளின் குடும்பங்கள் சங்கம்' கட்டினார். கைதிகளின் பெயர், முகாம், பிடிபட்ட தேதி, குடும்ப முகவரி என்று பட்டியல் பட்டியலாகத் தொகுத்து வெளியுறவுத் துறைக்குக் கொடுத்தார்கள். 1989 ஜூலை 30 அன்று ஹனோயில் கையெழுத்தான உடன்பாட்டுக்குப் பின்னால் அந்தப் பட்டியல்கள் இருந்தன. அதன் வழியாக வந்தவர்களையே 'எச்.ஓ.' குடும்பங்கள் என்கிறார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்தார்கள். எச்.ஓ. என்பதன் பக்கத்தில் உள்ள எண், அவர்கள் இருந்த பட்டியலின் வரிசை எண்.

தகுதி: முகாமில் குறைந்தது 3 ஆண்டு. முகாமில் இறந்தவரின் விதவைக்கும் இடமுண்டு. கேட்ட முதல் ஆவணம் 'விடுதலைத் தாள்'. மட்டமான காகிதத்தில் தட்டச்சு செய்த அந்த ஒற்றைத் தாளைக் கரையானும் வெள்ளமும் தொடாமல் பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்தியவர்கள் பெரும்பாலும் மனைவிமார். அது போனால் 8 ஆண்டுச் சிறைக்கும் சாட்சி இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் ஒரு முள் இருந்தது. மணமான பிள்ளைகள் சேரமாட்டார்கள். மணமாகாத, 21 வயதைத் தாண்டிய பிள்ளைகளையும் 1995 ஏப்ரல் முதல் விலக்கினார்கள். 1996-இல் செனட்டர் மெக்கெய்ன் கொண்டுவந்த திருத்தத்தால் அவர்களுக்கு மறுபடி வழி பிறந்தது. ஆகவே, 'அம்மா என் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டே போனாள்' என்று ஒரு மகள் எழுதினால், அது பிடிவாதம் அல்ல. விண்ணப்ப விதி.

சீட்டு, தையல், நகம்

விமானச் சீட்டின் விலை கடன். மாதத் தவணையில் அடைக்க வேண்டும். வந்து இறங்கிய பெண்ணுக்கு ஆங்கிலமும் இல்லை, வங்கி வரலாறும் இல்லை. முதல் வேலை பெரும்பாலும் வீட்டில் வைத்த தையல் எந்திரம். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. தந்தை பொத்தான் வைப்பார், பிள்ளைகள் பிசிறு நூல் வெட்டுவார்கள். பலவகை ஆடைகளை இப்படி வீட்டில் தைப்பது அமெரிக்கச் சட்டப்படி தடை என்பதால், கூலி குறைந்தாலும் புகார் செய்ய முடியாது.

அடுத்தது நக அலங்காரம். 1975-இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ அருகே இருந்த அகதி முகாமில் நடிகை டிப்பி ஹெட்ரன், தமது நக அலங்காரக் கலைஞரை வரவழைத்து 20 வியட்நாமியப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குறுகிய பயிற்சி, கொஞ்சம் ஆங்கிலம், சிறிய முதல். இன்று அமெரிக்கா முழுவதும் அந்தத் தொழிலில் வியட்நாமியர்கள் நிறைந்திருப்பதன் வேர் அது. அதற்குக் கொடுத்த விலையில் பாலிஷிலும் கரைப்பானிலும் உள்ள டொலுயீன், ஃபார்மால்டிஹைடு புகையும் சேர்த்தி.

முதல் எங்கிருந்து வந்தது? ஹுயி. தமிழர்களுக்கு விளக்கவே வேண்டாத விஷயம்: ஏலச்சீட்டு. ஒரு கணக்கு பார்த்தால் போதும். 20 பேர், மாதம் 500 டாலர், 20 மாதம். ஐந்தாம் மாதம் ஒருவர் 60 டாலர் தள்ளி எடுக்கிறார். இன்னும் எடுக்காத 15 பேர் ஆளுக்கு 440 கட்டுகிறார்கள்: 6,600. ஏற்கெனவே எடுத்த 4 பேர் முழு 500 கட்டுகிறார்கள்: 2,000. மொத்தம் 8,600. நடத்துபவருக்கு அரைப் பங்கு 250 போக, கையில் 8,350. நம் சீட்டில் தள்ளுத்தொகை வழக்கமாக எல்லோருக்கும் பிரியும். இங்கே எடுக்காதவர்களுக்கு மட்டும். எடுத்தவர் 'செத்த' பங்காளி, எடுக்காதவர் 'உயிருள்ள' பங்காளி என்பது அவர்கள் வழக்கு. முதல் மாதங்களிலேயே எடுத்துவிட்டு ஊரைவிட்டு ஓடினால், நடத்துபவர்தான் மீதியைக் கட்ட வேண்டும். நடத்துபவரே ஓடினால் எழுத்துச் சான்று எதுவும் மிஞ்சாது. ஆகவே பங்காளியைத் தேர்வது ஊர், உறவு, நாணயம் பார்த்து. அந்த மதிப்பீடும் தாயின் வேலைதான்.

சீட்டுப் பணத்தின் ஒரு துண்டு எப்போதும் வியட்நாமுக்குப் போனது. வியட்நாம் மீதான அமெரிக்க வணிகத் தடை 1994 பிப்ரவரி வரை இருந்ததால் பணத்தைவிடப் பெட்டிகளே அதிகம் போயின: துணி, சோப்பு, மாத்திரை, தைலம். அங்கே இருந்த தங்கை அவற்றைச் சந்தையில் விற்று அரிசியாக்குவாள்.

நினைவு நாளும் கேட்டு வைக்க வேண்டியவையும்

சந்திர ஏழாம் மாதப் பௌர்ணமியில் வரும் வூ லான், வியட்நாமியப் பௌத்தர்கள் தாயைப் போற்றும் நாள். தாய் உயிரோடு இருப்பவர் சட்டையில் சிவப்பு ரோஜா, இழந்தவர் வெள்ளை ரோஜா. அதற்கும் மேலான கடமை 'ஸோ' என்ற திதி. இறந்த நாளில், சந்திரக் கணக்குப்படி, அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் பலிபீடத்தில் வைத்து ஊதுபத்தி ஏற்றுவது. யாருக்கு எந்த நாள் என்பது பல வீடுகளில் தாயின் மனதில் மட்டும் இருக்கிறது. அவர் இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டியவை:

1. பெயர், சரியான குறிகளோடு. வியட்நாமிய எழுத்தில் ஒரு குறி மாறினால் வேறு பெயர். வேறு நாட்டு ஆவணங்களில் குறிகளே இருக்காது.
2. உண்மையான பிறந்த நாள். முகாமில் பள்ளி வயதுக்காகவோ திட்டத்தின் வரம்புக்காகவோ மாற்றிச் சொன்ன தேதியே பலருக்கு வாழ்நாள் தேதியாகிவிட்டது.
3. படகு எண், முகாம், எச்.ஓ. எண். பழைய பதிவுகளில் தேட இவையே திறவுகோல்.
4. கணவர் இருந்த முகாம்களின் பெயர்கள், மாற்றிய ஆண்டுகள்.
5. கடலில் போனவர்களின் நாள். படகு திரும்பாத வீடுகளில் இறந்த தேதி தெரியாது. ஆகவே, வீட்டை விட்டுப் புறப்பட்ட நாளையே திதியாக வைத்துக்கொள்வார்கள். அன்று கூடுதலாக ஒரு கிண்ணம் தண்ணீரும் வைப்பதுண்டு, தாகத்தோடு போனவர்களுக்கு.